சர்க்கரை மாத்திரையும் தாம்பத்தியமும்: புதிதாகச் சர்க்கரை கண்ட ஆண்களுக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் வழிகாட்டி

இரவு ஒன்பதரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் சிலர் வருவார்கள். அதுவரை எதிர்ப்பக்கத்து பேக்கரியில் டீ குடித்தபடி, என் கடையில் கூட்டம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே வந்ததும் முதலில் தலைவலி மாத்திரை கேட்பார்கள். பிறகு இருமல் மருந்து. சட்டைப்பையிலிருந்து சர்க்கரைச் சீட்டு வெளியே வருவது கடைசியில்தான்.

"ஏனுங்கண்ணா, இந்த மாத்திரையை நிறுத்திவிட்டால் பழையபடி ஆகிவிடுமுங்களா?"

பழையபடி என்றால் என்ன என்று நான் கேட்பதில்லை. பெருந்துறைப் பக்கத்தில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எனக்கும் ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை. நான் மருத்துவன் அல்லன். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன், இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டவன், ஒரு காலத்தில் என் மருத்துவரிடம் கேட்கத் தயங்கியவனும்கூட. அந்த அனுபவத்தில் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. மாத்திரையை நிறுத்த வேண்டாம்

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவருக்குச் சில ஆண்டுகளாகவே ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. தறி ஓட்டிக்கொண்டோ, லாரி ஓட்டிக்கொண்டோ, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டோ இருந்திருப்பார். ஒரு நாள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்குகிறார்கள். அடுத்த சில மாதங்களில் படுக்கையில் குறை தெரிகிறது. பழி மாத்திரையின் மேல் விழுகிறது. "இங்கிலீஷ் மருந்து சூடு, நரம்பைத் தளர்த்திவிட்டது" என்று யாராவது ஒரு பங்காளி சொல்லியும் விடுவார். இவர் மாத்திரையை நிறுத்துகிறார், சர்க்கரை ஏறுகிறது, குறை இன்னும் மோசமாகிறது.

உண்மையில் பெரும்பாலும் பழி சேர வேண்டிய இடம், கண்டுபிடிக்காமல் கழிந்த அந்த ஆண்டுகள். விறைப்பு ரத்தத்தின் வேலை. மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்ததும் நரம்பு நுனிகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. குழாய் தளர்ந்து விரிகிறது, ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது, வெளியேறும் பாதை அழுந்தி மூடிக்கொள்கிறது. நெடுநாள் கூடியிருக்கும் சர்க்கரை செய்தி கொண்டுவரும் நரம்பையும் கெடுக்கிறது, குழாயின் உட்சுவரையும் கெடுக்கிறது. மோட்டாரில் ஒயரும் போய் பைப்பும் அடைத்தால் தண்ணீர் எப்படி வரும்?

தோட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொட்டுநீர்ப் பாசனத்தை வைத்துச் சொன்னால் உடனே புரிந்துவிடும். உப்புத் தண்ணீர் போர்வெல்லில் முதலில் அடைபடுவது மெயின் பைப் அல்ல, நுனியில் இருக்கும் சொட்டுவான். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். சிறியது முதலில் அடைபடும். விறைப்புக் குறை தெரிந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இதய நோய் வெளிப்படுவதை மருத்துவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறார்கள். அதனால் இதை வெறும் மானப் பிரச்சினையாக மட்டும் பார்த்து மூடி வைப்பது ஆபத்து. சொட்டுவான் அடைத்ததைப் பார்த்தவுடன் மெயின் பைப்பைச் சோதிப்பவர்தான் நல்ல விவசாயி.

இது உங்களுக்கு மட்டும் வந்ததும் அல்ல. சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருக்கிறது. மற்ற ஆண்களைவிட 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது.

2. குறை எது என்று பிரித்துப் பாருங்கள்

'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒரே மூட்டைக்குள் நம் ஊரில் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டோம். சுவரில் ஒட்டும் விளம்பரக்காரர்களுக்கு அது வசதி. உங்களுக்கு வசதி இல்லை. குறைந்தது நான்கு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன, நான்குக்கும் வேறு வேறு காரணம்.

நாட்டமே குறைந்திருக்கலாம்: இதில் ஆண் ஹார்மோன், மனச்சோர்வு, தூக்கம், சர்க்கரை மிகையால் வரும் அசதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நாட்டம் இருந்தும் விறைப்பு வராமலோ நிற்காமலோ இருக்கலாம்: இது ரத்தக்குழாய், நரம்பு, சில மாத்திரைகள். விறைப்பு சரியாக இருந்தும் விந்து வெளியே வராமல் இருக்கலாம்: சிறுநீர்ப்பையின் வாய் மூடாமல் விந்து பின்னோக்கி உள்ளே போய்விடுகிறது. உறவுக்குப் பிறகு போகும் சிறுநீர் கலங்கலாக இருப்பது இதன் அடையாளம். நான்காவது, முன்தோலில் அரிப்பு, வெடிப்பு, வெள்ளைப் படிவு, தோல் பின்னே போகாமல் இறுகுதல். இது பூஞ்சைத் தொற்று. பலருக்குச் சர்க்கரை இருப்பதே முதலில் இதனால்தான் தெரியவருகிறது.

ஒரு மாதம் குறித்து வையுங்கள். தனி நோட்டு வேண்டாம், யாராவது எடுத்துப் பார்த்தால் சங்கடம். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். காலையில் எழும்போது தானாக விறைப்பு இருந்ததா, எப்போது குறை தொடங்கியது, மெல்ல மெல்ல வந்ததா திடீரென்றா, அந்தச் சமயத்தில் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது என்பவை முக்கியம். காலை விறைப்பு நன்றாக இருந்து மனைவியிடம் மட்டும் தவறினால் மனப்பதற்றம் பெரிய பங்கு வகிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு முறை தவறியதும் அடுத்த முறை பரீட்சை எழுதப் போவது போலப் போகிறோம், அந்தப் பயமே காரியத்தைக் கெடுத்துவிடுகிறது. காலையிலும் இல்லை, பல மாதங்களாக மெல்லக் குறைந்தது என்றால் உடலில் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் கலந்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்தது.

3. மருந்துச் சீட்டை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்

இதுதான் என் துறை, இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். மாத்திரைகள் எல்லாமே நிரபராதி என்றும் சொல்ல முடியாது. எதைச் சந்தேகப்படுவது என்று தெரிந்தால் போதும். சந்தேகப்பட்டாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் மாற்று கேட்க வேண்டும்.

மெட்ஃபார்மின்: அதிகம் பழி சுமக்கும் மாத்திரை இதுவே, குற்றம் குறைவாக உள்ளதும் இதுவே. ஒன்று மட்டும் உண்டு. பல ஆண்டுகள் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம். குறைந்தால் நரம்பு பாதிக்கும், கால் மதமதக்கும், அசதி வரும். அசைவம், முட்டை, பால் குறைவாக எடுப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். நான்கைந்து ஆண்டுகளாக எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்திருந்தால் ஈடுகட்டுவது எளிது.

கிளிமிபிரைட், கிளிக்ளசைடு வகையும் இன்சுலினும்: இவை விறைப்பைக் கெடுப்பதில்லை. இன்சுலின் ஊசி போட்டால் ஆண்மை போய்விடும் என்று பயந்து ஊசியைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் போனது சிறுநீரகம். உண்மையான சிக்கல் தாழ்சர்க்கரை. உறவும் உடலுழைப்புதான். இரவு பசியோடு இருந்தால் நடுவில் வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்கும். அதைப் பலரும் 'இயலாமை' என்றோ மாரடைப்பு என்றோ நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போயிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கட்டிலருகே ஒரு சிறு டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும். சர்க்கரை நோயாளி சர்க்கரையை வைத்துக்கொண்டு தூங்குகிறான் என்று யாரும் சிரிக்கப் போவதில்லை.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: நல்ல மருந்துகள், இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கின்றன. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்தது, எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025இல். விலை இறங்கிய பிறகு சீட்டுகளில் இவை அதிகம் தென்படுகின்றன. இவை அதிகச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. சிறுநீரில் சர்க்கரை இருந்தால் முன்தோலுக்கடியில் பூஞ்சை விருந்து வைத்துவிடும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி எடுங்கள். மில்லில் எட்டு மணி நேரம் வியர்வையோடு நிற்பவர்கள் உள்ளாடையை நடுவில் ஒரு முறை மாற்றுங்கள். காரமான சோப்பு, கிருமிநாசினி திரவம் வேண்டாம், வெடிப்பு கூடும். அரிப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், மனைவிக்கும் அரிப்பு இருந்தால் அவருக்கும் சேர்த்து மருத்துவம் தேவை. மிக அரிதாக, அந்தப் பகுதித் தசை அழுகும் ஃபோர்னியர் என்ற கொடிய தொற்று வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. விதைப்பையிலிருந்து ஆசனவாய் வரையுள்ள இடத்தில் வலி, வீக்கம், சிவப்பு, காய்ச்சல் என்றால் காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது.

இதில் மருந்துக்கடைக்காரனுக்கு மட்டும் கண்ணில் படும் ஒரு சிக்கல் உண்டு. பூஞ்சைக்காகக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரை கிளிமிபிரைடின் வேகத்தைக் கூட்டிச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடலாம். தோல் மருத்துவரிடம் போனால் சர்க்கரைச் சீட்டையும், சர்க்கரை மருத்துவரிடம் போனால் தோல் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

ரத்த அழுத்த மாத்திரைகள்: இங்கேதான் உண்மையான சந்தேக நபர்கள் இருக்கிறார்கள். அட்டெனலால் போன்ற பழைய பீட்டா தடுப்பிகள், ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர்பிரிப்பு மாத்திரைகள் விறைப்பைக் குறைக்கலாம். ஸ்பைரனோலாக்டோன் மார்பு வீக்கமும் தரலாம். டெல்மிசார்டன், லோசார்டன் வகை பொதுவாகத் தொந்தரவு தருவதில்லை. பீட்டா தடுப்பியை ஒரே நாளில் நிறுத்தினால் இதயம் எகிறும், அதனால் மாற்றுவதை மருத்துவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு கொடுத்ததாக இருந்தால் மாற்றவே முடியாமலும் இருக்கலாம்.

புரஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், சிலோடோசின் ஆகியவை விந்தைப் பின்னோக்கித் திருப்பலாம். கால் எரிச்சலுக்கான பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்சடின் ஆகியவை சிலருக்கு நாட்டத்தையோ விறைப்பையோ குறைக்கலாம், விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தலாம். கொழுப்பு மாத்திரையை மட்டும் இந்தக் காரணம் சொல்லி விட்டுவிடாதீர்கள். குழாயைக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

4. மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

கடினமான படி இதுதான். வெளிநோயாளிப் பிரிவில் முன்னும் பின்னும் ஆள் நிற்கும். மருத்துவர் பெண்ணாக இருப்பார், உங்கள் மகள் வயது இருக்கும். வாய் வராமல் "உடம்பு அசதி" என்று சொல்வீர்கள். அவர் சத்து மாத்திரை எழுதுவார். நீங்கள் ஏமாந்து வெளியே வருவீர்கள். தவறு அவருடையது அல்ல.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: "ஆறு மாதமாக விறைப்பு சரியாக இல்லை. காலையிலும் இல்லை. மாத்திரை எதனாலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்." சர்க்கரை அளவுச் சீட்டோடு சேர்த்து நீட்டினால் வரிசையில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. நான் என் மருத்துவரிடம் இப்படித்தான் சொன்னேன். அவர் படித்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "எத்தனை மாதமாக?" என்றார். மூன்று ஆண்டுகள் நான் தயங்கிய விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்லதுதான், ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருவதால் மருத்துவரைப் பார்ப்பதே சிலருக்கு விட்டுப்போகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது நேரில் போக வேண்டும். சிறுநீர்ப்பாதை மருத்துவப் பிரிவு (யூராலஜி) வேண்டுமென்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள்.

பரிசோதனைகளில் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி முதலில். பொதுவாக 7க்குக் கீழே என்பது இலக்கு. வயதானவர்களுக்கும் தாழ்சர்க்கரை அடிக்கடி வருபவர்களுக்கும் மருத்துவர் தளர்த்திக் கொடுப்பார். அடுத்து கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், பி12, தைராய்டு, ஈசிஜி. நாட்டமும் குறைந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன். இந்த ஒன்றுக்கு நேரம் முக்கியம்: வெறும் வயிற்றில், காலை 10 மணிக்கு முன்பு, இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ஒரே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கு ஆண் ஹார்மோன் இல்லை' என்று உடைந்துபோய் வந்தவர் ஒருவரைத் தெரியும். முறையாக மறுபடி எடுத்தபோது சரியாகவே இருந்தது.

மாடிப்படிச் சோதனை ஒன்றும் உண்டு. நிற்காமல் இரண்டு மாடி ஏறி, நெஞ்சு வலியோ கடும் மூச்சிரைப்போ இல்லை என்றால், உறவுக்கு வேண்டிய உழைப்பை இதயம் பொதுவாகத் தாங்கும். ஏற முடியவில்லை என்றால் படுக்கைக்கான மாத்திரையை மறந்துவிட்டு முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள்.

5. சாப்பாடு

எந்தச் சாப்பாட்டிலும் மாயம் இல்லை. முருங்கைக்காயைப் பற்றிய சினிமா நகைச்சுவையை நம்பி அரவக்குறிச்சியிலிருந்து மூட்டை இறக்கினாலும் நடக்கப் போவது ஒன்றுமில்லை. கீரை நல்லது, காய் நல்லது, நார்ச்சத்து நல்லது. அத்தோடு அதன் கதை முடிந்தது. சாப்பாடு செய்யும் வேலை வேறு: சர்க்கரையை இறக்குகிறது, வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கிறது, குழாயைச் சுத்தமாக வைத்திருக்கிறது. வயிற்றுக் கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. தொப்பை கரைந்தால் அந்த மாற்றமும் குறைகிறது.

நம் ஊரில் பெரிய மயக்கம் நாட்டுச் சர்க்கரை. கவுந்தப்பாடியில் விளைந்து பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சரக்கு என்பதால் அதன் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனாலும் அதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டியும் அப்படியே. "வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதே இல்லைங்க" என்று சொல்லிவிட்டு ஒரு நாளைக்கு ஐந்து டீயில் நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடிப்பவரின் எச்பிஏ1சி எப்படி இறங்கும்? பொள்ளாச்சி இளநீர் ஒன்றிலும் சுமார் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. எப்போதாவது ஒன்று போதும். சாப்பாட்டுக்கு மேல் ஒன்று வேண்டாம்.

அரிசிம்பருப்பு சாதத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அளவை மாற்றலாம். அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, ஒரு குழிக்கரண்டியோடு நிறுத்தி, மீதி வயிற்றுக்குக் காய்ப் பொரியலும் மோரும். சந்தகையைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுச் சாப்பிடுவதை விருந்து நாளுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் எலுமிச்சைச் சந்தகையாக, கொள்ளுப் பருப்போடு சாப்பிடுங்கள். கொள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம். பச்சைப் பயறு கடைந்தது, நிலக்கடலை ஒரு கைப்பிடி, முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி எல்லாம் நல்ல தோழர்கள். கம்பு, சோளம், ராகி நல்லவைதான். ஆனால் நைசாக அரைத்த மாவில் செய்த களியும் கூழும் சர்க்கரையை ஏற்றவே செய்யும். 'சிறுதானியம்தானே' என்று இரண்டு உருண்டை விழுங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வீட்டுச் சாப்பாட்டைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது பேக்கரி. டீ, பப்ஸ், தேங்காய் பன், பேச்சு. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து ஆறு மணிக்கு ஒரு ஜோடி பப்ஸ், வீட்டுக்கு வந்து பத்தரை மணிக்குப் புரோட்டா, பதினொன்றுக்குப் படுக்கை. இப்படி இருந்தால் வயிறும் சர்க்கரையும் இரவு முழுக்க இறங்குவதில்லை. அந்தக் கனத்தோடு உறவும் சுகப்படுவதில்லை. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு நகர்த்த முடிந்தால், பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட அது அதிகப் பலன் தருவதை என்னிடத்திலேயே பார்த்தேன். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

புகை நேராகக் குழாயைச் சுருக்குகிறது, பேச்சே இல்லை. மது ஆசையைத் தூண்டுவது போலக் காட்டி விறைப்பைக் கெடுக்கும். கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் விடியற்காலையில் சர்க்கரை அபாயமாக இறங்கலாம்.

6. நடை

வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில், ஆறு மாதம். விறைப்புக் குறைக்கு உடற்பயிற்சியைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு ஏறத்தாழ இதுதான். இத்தாலியில் உடல்பருமன் கொண்ட ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் உணவும் நடையும் சொல்லிக் கொடுத்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மாத்திரை இல்லாமலேயே குறை நீங்கியது. அவர்களுக்குச் சர்க்கரை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அந்த அளவு எதிர்பார்க்க முடியாது, ஆனால் திசை அதுவே. வாய்க்கால் மேட்டில் நடந்தாலும் பலன் அதேதான். கால் மதமதப்பு உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்.

7. அந்த மாத்திரை

இதய வலிக்கென்று ஆராய்ந்து, விறைப்புக் குறைக்குப் பயன்பட்டு, 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது சில்டனாஃபில். சர்க்கரை உள்ளவர்களுக்கும் கொடுக்கலாம்; மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே பலன் தரும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. எந்தக் கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. என் தொழில்மேல் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இது. ஏனென்றால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது: நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையோ, ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின், நிகோராண்டில் வகையோ எடுக்கிறீர்களா? எடுத்தால் இது கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும்.

புரஸ்டேட் மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும், தலைசுற்றி விழலாம். படர்தாமரைக்கு இட்ரகோனசோல் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். மில் தொழிலாளர்களில் படர்தாமரை இல்லாதவர் குறைவு, இட்ரகோனசோல் எழுதாத சீட்டும் குறைவு. அது உடலில் சில்டனாஃபில் அளவைக் கூட்டிவிடும்.

எடுக்கும் முறையில் செய்யும் பிழைகளால்தான் பாதிப் பேர் "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். சில்டனாஃபிலை உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வயிறு லேசாக இருக்கும்போது எடுக்க வேண்டும். பள்ளிபாளையம் சிக்கனும் புரோட்டாவும் உண்ட பிறகு எடுத்தால் எண்ணெய்க் கனத்தில் மருந்து தாமதமாகும். இதே வகையைச் சேர்ந்த டாடாலாஃபிலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் தாக்கம் 36 மணி நேரம் வரை இருக்கும். இரண்டுமே தானாக விறைப்பைக் கொண்டுவராது. நாட்டமும் தொடுகையும் வேண்டும், விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. ஒரு முறை தவறியதும் விட்டுவிடாமல், சரியான முறையில் ஆறு முதல் எட்டு முறையாவது முயன்ற பிறகே பலனில்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். அளவைக் கூட்டுவது மருத்துவர் வேலை, நண்பர் வேலை அல்ல.

இதுவும் பலிக்காவிட்டால் வெற்றிடக் குழாய்க் கருவி, உறுப்பில் போட்டுக்கொள்ளும் ஊசி, அறுவை மூலம் பொருத்தும் சாதனம் என்று வரிசையாக இருக்கின்றன. அவற்றை ஆண் நோய்களில் பழகிய சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் பேச வேண்டும்.

8. குழந்தை வேண்டும் என்பவர்கள்

ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். ஜிம்மிலோ வேறெங்கோ யாரேனும் 'பலம் வரும்' என்று போட்டுவிட்டால் குழந்தைக்கான வழி அடைபடும். குழந்தைத் திட்டம் இருக்கிறது என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விந்து பின்னோக்கிப் போகும் குறை உள்ளவர்களும் மனம் தளர வேண்டாம். சிறுநீரிலிருந்து விந்தணுவைப் பிரித்தெடுத்துக் கருவூட்டும் முறை இருக்கிறது. 'குழந்தை இல்லாதது பெண்ணின் குறை' என்று அவளை மட்டும் பரிசோதனைக்கு இழுத்துப்போகும் குடும்பங்கள் இதைப் படிக்க வேண்டும்.

9. லாட்ஜ் வைத்தியரும் லேகியமும்

மாதத்துக்கு ஒரு நாள் பஸ் நிலையம் அருகே லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களை எல்லோருக்கும் தெரியும். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, போகலாம். விளம்பரம் செய்து, ஆண்மைக்கும் சர்க்கரைக்கும் உத்தரவாதம் தருபவர்களைச் சொல்கிறேன். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் இந்த இரண்டுக்குமே மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்திருக்கிறது. விளம்பரம் இருப்பதே ஓர் அடையாளம். 'மூலிகை' என்று விற்கும் சில லேகியங்களிலும் பொடிகளிலும் சில்டனாஃபிலைப் பொடித்துக் கலந்திருப்பது பல நாடுகளின் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சு வலி மாத்திரை எடுப்பவர் அதை மூலிகை என்று நம்பிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மேலேயே சொன்னேன். லேகியத்தின் இனிப்பு எதிலிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள்.

10. வீட்டில் சொல்வது

நம் தோட்டத்துக்காரர்களிடம் ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. இரவில் மும்முனை மின்சாரம் வருகிறது, மோட்டார் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துச் சாளையிலேயே கட்டிலைப் போட்டுக்கொள்வது. மாதக்கணக்கில் மோட்டார் ஓடும். வீட்டில் இருப்பவர் வேறு கணக்குப் போடுவார்: என் மேல் வெறுப்பா, வேறு யாரேனும் இருக்கிறார்களா? இரண்டுமே இல்லை, சர்க்கரை என்று ஒரு வரி சொன்னால் அந்தக் கணக்கு நின்றுவிடும். வாயால் சொல்ல வராதவர்கள் மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துப்போங்கள். மருத்துவர் சொல்லட்டும். அவருக்கும் சர்க்கரை இருந்தால் வறட்சி, அரிப்பு, நாட்டக் குறைவு இருக்கக்கூடும். அவரும் சொல்லாமல் அடக்கி வைத்திருக்கலாம்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

மாத்திரைக்குப் பிறகு விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாமல் வலித்தால். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினால். முன்தோல் பின்னே போய் மாட்டிக்கொண்டு வீங்கினால். விதைப்பைப் பகுதி கறுத்து, வலித்து, காய்ச்சல் அடித்தால். உறவின் நடுவிலோ பிறகோ நெஞ்சு அழுத்தி, இடது கை இழுத்து, வியர்த்தால். 108ஐ அழையுங்கள். நெஞ்சு வலியென்றால் வண்டியில் வருபவரிடமும் மருத்துவமனையிலும் எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். சில்டனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், டாடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையை அவர்கள் கொடுக்கக் கூடாது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல்லுங்கள்.